மக்லவுட் பிள்ளைக்கு ஒரு நடுப்பெயர்

உ

மனுரேவா, ஓக்லாந்து
புரட்டாதி முதற் சனி

என் செல்ல மகள் பிரணவிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகன் யூவனும் வயிற்றிலிருக்கிற பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுமென்று வெள்ளி தவறாமல் விளக்கேற்றிக் கேட்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் கதைக்கத் தொடங்க நீ அழத் தொடங்குவாய், பிறகு ஒன்றும் ஒப்பேறாது. நீ எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள் என்று பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

பிள்ளைக்கு யூவனின் குடும்பப் பெயரான மக்லவுட்தான் வரும் என்று நீ சொன்ன நாளிலிருந்து அப்பா உன்னோடு கதைக்கவில்லை, ஐந்து கிழமையாகிறது. எங்கட குடும்பப் பெயர் என்னோட அழிஞ்சு போகுது என்று ஒரே புலம்பல். பிறந்த கையோடு பெயர் பதிய வேண்டும் என்றாயே, அதற்குள் இதை முடிக்காமல் விடுவதில்லை என்று நான் நூலகத்துக்குப் போய், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினொரு நாள் வாசித்தேன். மக்லவுட் என்றால் லியோட் என்பவரின் மகன் என்று அர்த்தமாம். எழுநூறு வருசத்துக்கு முன்னம் ஸ்கொட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இருந்த மனிசன். அவர்களும் எங்களைப் போலத் தகப்பன் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள், ஒரு தகப்பனோடு நிற்பாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பெயர் தீவுகளை நிறைத்து, செம்மறி வளர்க்கவென்று காணிக்காரர் சனத்தை எழுப்பின காலத்தில் கப்பலேறிக் கனடாவுக்குப் போய், அங்கே பயிர் அழிய அவுஸ்திரேலியாவுக்கு வந்து, அதுவும் சரிவராமல் கடைசியில் எங்களுக்கு வடக்கே வைபூவில் வந்து இறங்கியிருக்கிறது.

போன சனி கடற்காற்று வாங்குவம் என்று சொல்லி அப்பாவைக் கார் எடுக்கப்பண்ணினேன். இரண்டு மணித்தியால ஓட்டம். போய் இறங்கினது வைபூ கடலோரச் சவக்காலை. சுடலைக்குக் கூட்டிக்கொண்டு வந்துபோட்டுக் கடற்காற்று எண்டுறீர், வீட்டை போய்த் தலை முழுக வேணும் என்று ஏசினார். ஏசிக்கொண்டே ஒவ்வொரு கல்லாக வாசித்தார். மக்லவுட், மக்கென்சி, மக்கே, பிறந்தது ஸ்கொட்லாந்து, இறந்தது வைபூ. ஒரு கல்லடியில் கனநேரம் நின்றுவிட்டு, இதுகளும் எங்களை மாதிரி இடம்பெயர்ந்த சனம்தான் என்றார்.

அந்தச் சூட்டோடு காருக்குள் கேட்டேன், நீங்கள் அழியுது எண்டுறது எந்தக் குடும்பப் பெயர் என்று. விசாப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா தனக்குக் கந்தவனம் என்று தகப்பன் பெயரை எழுதினார், உனக்கு இராசநாயகம் என்று தன் பெயரை எழுதினார். ஈஸ்ட் டாமாக்கி வேலையிடத்தில் இருபது வருசமாய் உன் தாத்தாவின் பெயரைச் சொல்லித்தான் இவரைக் கூப்பிட்டார்கள், உன் பள்ளிக்கூடத்தில் இவர் உன் சொந்தத் தகப்பன்தானா என்று கேட்டார்கள். கந்தவனத்துக்குத் தகப்பன் கதிரித்தம்பி. ஒரு பெயரும் ஒரு தலைமுறைக்கு மேல் கூட வரவில்லையே என்றேன். வீடு திரும்பும் வழியில் அல்பனிப் பக்கம் வந்ததும், சரி, மக்லவுட் இருக்கட்டும், நடுவில இராசநாயகம் எண்டு போடச் சொல்லும் என்றார். அவர் சொன்னதை எழுதிவிட்டேன்.

இனி நான் சொல்வதைக் கேள். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எல்லாப் பெயரையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். அப்பா பக்கத்தில் ஏழு தலைமுறைத் தகப்பன்மார். என் பக்கத்தில் தாய்மாரை எழுதினால் என் அம்மா இரத்தினம்மா, அவவின் அம்மா சின்னப்பிள்ளை, அதற்கு மேல் சொல்ல ஆளில்லை. கலியாணத்தோடு எனக்கிருந்த தகப்பன் பெயரை எடுத்துவிட்டுப் புருசன் பெயரைப் போட்டார்கள். பெற்றவளின் பெயர் என் பெயரோடு ஒருநாளும் வந்ததில்லை. ஆகவே ஆணோ பெண்ணோ, நடுவில் பிரணவி என்று போடு. சுமக்கிறவள் நீ. யூவன் மறுக்க மாட்டார், இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் குத்திச் சாப்பிட்டுவிட்டு இன்னும் இருக்கா என்று கேட்கிற பிள்ளை அவர்.

ஒளித்து எழுதுகிற பழக்கம் எனக்கில்லை, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்ப நான் எங்க என்று கேட்டார். இராசநாயகம் உங்கட அப்பா வைச்ச பெயர், பிரணவிதான் நீங்கள் வைச்சது, ஆசுபத்திரி வாசலில மூண்டு நாள் யோசிச்சு வைச்சது என்றேன். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தபாலுறையை எடுத்து வந்து உன் பெயரைத் தானே எழுதினார், தமிழில். தபால்காரருக்கு விளங்காதென்று கீழே நான் இங்கிலீசில் எழுதியிருக்கிறேன்.

கடிதம் கிடைத்த பிறகு வாற ஞாயிறு அப்பா போன் எடுப்பார், நீ அழாமல் கதை. இரும்புக் குளிசையை விடாதே. பதியிற படிவத்தில் எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெயர் என்று இரண்டு தரம் பார்த்து எழுது, நாங்கள் பட்டது போதும். முருகன் உன்னையும் பிள்ளையையும் இரண்டாக்கிச் சுகமாய்த் தரட்டும்.

உன் அம்மா,
இரத்தினம்மா மகள் சரோஜாதேவி