மூன்றாவது வளைவு

செவ்வாய்க்கிழமை.

காலையில் போடியிலிருந்து ஆறு பேரை எலக்ட்ரிக் சைக்கிளில் முந்தலுக்கு மேலே மலைச்சாலையில் கூட்டிப் போனேன். கிளம்பும்போதுதான் என் சைக்கிளில் சார்ஜ் குறைவாக இருப்பதைப் பார்த்தேன். நேற்று சார்ஜ் போட மறந்தது நான்தான். வழிகாட்டி பின்தங்கினால் கேவலம் என்று, தேனியிலிருந்து வந்த ஒரு அம்மாவின் சைக்கிளோடு மாற்றிக்கொண்டேன். முழங்கால் வலியிலிருந்து தேறி முதல்முறையாக வந்தவர். ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்ததால் நான் மாற்றியதை அவர் கவனிக்கவில்லை.

மூன்றாவது வளைவில் அவர் ஓட்டிய சைக்கிளின் பேட்டரி தீர்ந்தது. அவருக்கு அது தெரியவில்லை. இறங்கி, மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எல்லாரும் ஏறிட்டாக. எனக்குத்தான் தெம்பில்ல. உங்களையும் காக்க வச்சுட்டேன், தப்பா நினைக்காதீக தம்பி."

"நான் அப்பவே சொன்னேன்ல, உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு?" என்று அவர் கணவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

"பரவாயில்லம்மா, மெதுவா வாங்க" என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

சாயங்காலம் அந்த அம்மாவே போன் செய்தார். நாளை குச்சனூர் போவதற்கும் இருவரும் பெயர் கொடுத்திருந்தார்கள்.

"நான் வரல தம்பி. அவுக மட்டும் வருவாக. இனிமே எனக்கு சைக்கிள் வேணாம்."

சைக்கிளை மாற்றியதை இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சரிம்மா" என்றுதான் வந்தது.