வெள்ளிக்கிழமை வரை யாருக்கும் தெரியாது

செவ்வாய், இரவு.

சைதாப்பேட்டையில் நடைபாதைக் கடைகளை எடுக்கும் வரைவு விதி அரசிதழில் வந்துவிட்டதாம். ஆட்சேபனை சொல்ல வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அரசு அலுவலகத்தில் வேலை செய்யும் அப்பா போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அச்சுல வந்துடுச்சு சார், நம்ம கடமை முடிஞ்சுது. வெப்சைட்ல சனிக்கிழமை ஏத்திக்கலாம். அரசிதழை எவன் வாங்கிப் படிக்கிறான்?"

என்னோடு படிக்கும் ஸ்டெல்லாவின் அம்மா அங்கேதான் இட்லிக்கடை போட்டிருக்கிறார். இன்று பள்ளிவிட்டு வரும்போதுகூட, "இன்னா கண்ணு, எளச்சிப் போயிட்ட?" என்று என் கையில் வடையைத் திணித்தார்.

அப்பா திரும்பினார். "என்னடி, ஒட்டுக் கேக்கறியா?"

"தண்ணி குடிக்க வந்தேம்ப்பா."

நம்பினாரா, தெரியவில்லை. ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டால், சொன்னது நான்தான் என்று கண்டுபிடித்துவிடுவார்.

காலையில் பஸ்ஸில் ஸ்டெல்லா எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அப்பா கேட்டால் என்ன சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.