மருந்துக்கடைக்காரர் பெயரில் நான்கு சனிக்கிழமைகள்

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் விசாரிப்பதே பொய்யாகிவிடும். சனிக்கிழமைதோறும் நீ கணினி வழியாக இலவச ஆங்கில வகுப்பு எடுக்கிறாயே, அதில் மைக் கெட்டுப்போய்விட்டது என்று எழுதிவிட்டு நான்கு வாரமாக முகம் காட்டாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர் நான்தான். பெயர் மட்டும் நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரருடையது. மூன்றாம் வாரம், நான் எழுதி அனுப்பிய பதில்களைப் பார்த்து, நீ அந்தப் பெயரைச் சொல்லி, இவர் நன்றாக முன்னேறுகிறார் என்று பாராட்டினாய். மறுநாள் காலையில் அந்த மனிதர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே எனக்கு வணக்கம் சொன்னார். நான் வாங்கிய பாராட்டை அவர் தட்டிக்கொண்டு போனதுபோல வயிறு எரிந்தது, முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், என்ன தப்பு செய்தோம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மற்றபடி இங்கே நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் உன் அறைத்தோழியும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறி வந்தே என்னைத் திட்டுகிறாள். பெரிய அத்தை வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள், அதனால் பத்து நாளாக நம் வீட்டில்தான் இருக்கிறாள், சுவர் காய்ந்தாலும் போகிறமாதிரி தெரியவில்லை. உன் விஷயம் அவள் காதில் எப்படியோ விழுந்துவிட்டது. எப்படியோ என்ன, நான்தான் சொன்னேன். மூன்று வயதுவரை வாயே திறக்காமல் இருந்தவள், கடல் தாண்டிப் போய் ஊராருக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறாளாக்கும் என்று சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், அதையும் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொள்.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேலை போதும், பள்ளியில் ஐந்து வருஷத்துக்கு எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள், மாலையில் ஆசிரியர் டிப்ளமா படித்தால் பிற்பாடு புது ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கலாம், இதையே தொழிலாக வைத்துக்கொள்ள நினைக்கிறேன், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். மூன்று வருஷத்துக்கு முன் நீ கிளம்பியபோது, ஒரு வருஷம் ஊர் சுற்றிவிட்டு வந்துவிடுவாள் என்று கடைக்கு வந்தவரிடமெல்லாம் சொன்னவன் நான். ஐந்து வருஷம் என்று படித்ததும் நான் முதலில் செய்த காரியம், அந்த ஐந்தை என் வயதோடு கூட்டிப் பார்த்ததுதான். அம்மா வயதோடும் கூட்டினேன், அவளிடம் சொல்லவில்லை. அப்புறம்தான் உன் வகுப்பில் திருட்டுத்தனமாகச் சேர்ந்தேன். கற்றுக்கொள்வதற்கு இல்லை, இதெல்லாம் ஒரு வேலையா, திரும்பி வா என்று சொல்ல ஏதாவது ஒரு சாக்கு கிடைக்காதா என்று பார்ப்பதற்கு.

இரண்டாம் வாரம் வகுப்பில் படிக்கும் அந்தப் பஸ் டிரைவரிடம், காலையில் வேலைக்குப் போனதும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாய். மனிதர் வாயைத் திறந்தார், மூடினார், கூரையைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், நாற்பது வினாடி. யாரோ ஒருவர் எடுத்துக் கொடுக்கக் கை தூக்கினார், நீ சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி வேண்டாம் என்றாய். எனக்கோ இங்கே நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் அவர் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி, வண்டியைக் கிளப்பி, ஓட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன் என்றார். அந்த முகத்தை நீயும் பார்த்திருப்பாய். லாட்டரி அடித்தவன்கூட அப்படிச் சிரிக்கமாட்டான்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். கடையில் எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வேன், மூன்றாவது வரியில் ஆள் கொஞ்சம் தடுமாறினால் போதும், மனசு கேட்காமல் எழுத்தை நானே சொல்லிவிடுவேன், அவரும் ஆமாம் ஆமாம் என்பார். இருபத்தாறு வருஷமாக இப்படிப் பரீட்சையில் விடையைச் சொல்லிக்கொடுத்து எத்தனை பேருக்குத் தப்பான கண்ணாடி மாட்டிவிட்டேனோ. திங்கட்கிழமை வந்த தையற்காரரிடம் உன்னைப்போல வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கடையில் வேலை பார்க்கும் பெண் பயந்துபோய், சார் உடம்புக்கு என்ன என்று தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள். ஆனால் அந்த மனிதருக்கு நான் ஆறு வருஷமாகக் கொடுத்துவந்த பவர் தப்பென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. புதுக் கண்ணாடிக்குக் காசு வாங்க எனக்கு முகம் இல்லை.

ஆகவே அத்தையிடம் நேற்றே சொல்லிவிட்டேன், அவள் வேலை வேலைதான், ஊர் சுற்றல் இல்லை, இனிமேல் எப்போது வருவாள் என்று கேட்கக்கூடாது என்று. இரண்டு நாள் யோசித்து, ஒரு நாள் மொட்டைமாடியில் தனியாக நடந்து எடுத்த முடிவு இது. நீ கையெழுத்துப் போடு. எங்களுக்காகத் தயங்கவேண்டாம். வருத்தம் இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், இருக்கிறது, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, வைத்தியச் செலவை யார் ஏற்பார்கள் என்பதை மட்டும் வாய்ப்பேச்சில் விடாமல் எழுதி வாங்கிக்கொள். திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே, அவ்வப்போது ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையாவது பார், இது அப்பாவாகச் சொல்வது இல்லை, கண்ணாடிக்காரனாகச் சொல்வது. போனில் பேசினால் உன்னைப் பேசவிடமாட்டேன் என்பதால்தான் எழுதுகிறேன். எடுத்த காரியம் நல்லபடியாக நடக்கட்டும், உன்னிடம் படிப்பவர்கள் உன்னை நல்லவிதமாக நினைத்துக்கொள்ளட்டும், நீ நன்றாக இரு. பல் டாக்டரிடம் போகச் சொன்னேனே, மறக்காதே.

இப்படிக்கு,
வாய் ஓயாத உன் அப்பா

பி.கு. இதைப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்து முடித்துவிட்டு, நீ கையெழுத்துப் போட்டு ஒன்பது நாள் ஆகிறது என்கிறாள்.