பல் டாக்டரும் என் டெக்கும்

வாயாடி,

சோறும் வேகவைத்த முட்டையும் மூடி வைத்திருக்கிறேன். பின்கதவுச் சாவி என் பழைய ஷூவுக்குள் இருக்கிறது.

உன் ஆட்டக் கூட்டாளி பல் டாக்டர் இன்று மாலையும் வருவாராமே. போன வாரம் நீங்கள் இருவரும் கூடத்தில் டிராகன் படம் போட்ட ஆட்டக் கார்டுகளைப் பரப்பி, ஆளுக்கொரு கட்டாக டெக் சேர்த்துக்கொண்டே 'கர்வ், கர்வ்' என்று பேசிக்கொண்டிருந்தபோது, "கர்வ்னா என்ன?" என்று கேட்டேன். நீ அவரைப் பார்த்தாய், அவர் உன்னைப் பார்த்தார், இருவரும் சிரித்தீர்கள். "உங்களுக்குப் புரியாது, விடுங்க" என்றாய். கல்யாணமானதிலிருந்து என்னோடு மட்டுமே நீ சிரித்த சிரிப்பு அது. எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் அணையவில்லை.

நேற்று வேலை முடிந்ததும் கார்டு கடைக்குப் போய்க் கேட்டேன். "வெறும் டிராகனா அடுக்காதீங்கண்ணே. அதை இறக்கப் பலம் சேர்றதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும். சின்ன கார்டு நிறைய, பெரிசு கொஞ்சம். அதான் கர்வ்" என்றார் கடைக்காரர். எனக்குப் புரிந்தது. நானும் ஒரு டெக் சேர்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அவரிடம் காட்டாதே.

பி.கு. அவரை நாளைக்கு வரச் சொல்லேன். இன்று நான் சீக்கிரம் வந்துவிடுவேன், நாம் ஆடலாம்.

இன்னொன்று: எனக்காக விட்டுக்கொடுக்காதே. நீதான் ஜெயிப்பாய், தெரியும். அதை மட்டும் அவருக்கு போன் போட்டுச் சொல்லாதே.