முதல் வரியில் கடல்

தைபேயில் இருக்கும் என் பேத்தி லிங்யுன்னுக்கு, தொங்காங் துறைமுகத்திலிருந்து பாட்டி எழுதுவது. நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

இங்கே மழை விட்டுவிட்டது. படகு நிறுவனத்துக்காரர் மறுபடி வந்தார். மூழ்கிய படகில் இருந்த பத்தொன்பது பேரில் உன் அப்பா உள்பட ஒருவரும் அகப்படவில்லை, இனித் தேடப்போவதில்லை என்றார். சரி என்றேன். அவர் வைத்துவிட்டுப் போன பழக்கூடையை அடுத்த வீட்டு சியூமெய்க்குக் கொடுத்துவிட்டேன். உன் அப்பாவின் நீலச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். சவப்பெட்டியில் உடம்புக்குப் பதில் அதைத்தான் வைக்கப்போகிறார்கள்.

பேப்பரில் அது வருவதற்கு முந்தின ராத்திரி போனில், "ஒரு இங்கிலீஷ் செய்தியை ஏழே நிமிஷத்துல நம்ம மொழியில மாத்தி முடிச்சேன் பாட்டி, நல்லா வந்திருக்குன்னு மேலதிகாரி சொன்னாரு" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. வேலைக்குப் போகிறாளாம், வருகிறாளாம், அழவில்லையாம் என்று உன் அறைத்தோழி சொன்னாள். நானும் அழவில்லை. வரவில்லை, என்ன செய்ய.

இங்கிலீஷில் வந்த முதல் பத்தியில் படகின் பெயர் இல்லை. நீ முதல் பத்திதான் எழுதுவாய், மீதியை வேறொருவர் எழுதுவார் என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் படகு என்று தெரியாமல் எழுதியதற்கு உன்னை யார் கேட்கப்போகிறார்கள்?

அந்தச் செய்தி வந்த அன்று காலை பேப்பரில் உன் பெயரைப் பார்த்ததும் வழக்கம்போல் கத்திரிக்கோலை எடுத்தேன். "பேத்தி பேரு வந்தாப் போதுமே, பூகம்பமா இருந்தாலும் வெட்டி ஒட்டிடுவியே அக்கா" என்று சியூமெய் சிரித்தாள். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, நின்றபடியே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

புத்தாண்டுக்கு வந்தபோது சொன்னாயே, இங்கிலீஷ்காரன் செத்தவர் எத்தனை பேர் என்றுதான் தொடங்குவான், நான் அதைத் திருப்பிப்போட்டு, எந்த நாள், எந்த இடம் என்று தொடங்குவேன் என்று. அப்படித்தான் எழுதியிருந்தாய். முதலில் கிழமை வந்தது. பிறகு அந்தத் தூரக் கடல், நம் நாட்டுப் படகு. அப்போதே நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் கடைசியில்தான் வந்தார்கள். படகின் பெயர் அடுத்த பத்தியில் இருந்தது. அதற்குள் நான் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கும் உட்கார நேரம் விட்டு எழுதியிருக்கிறாய். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். அந்தத் துண்டு இன்னும் கதவில்தான் இருக்கிறது. எடுக்கத் தோன்றவில்லை.

வரும் வியாழக்கிழமை மூன்றாம் ஏழு, இருபத்தோராம் நாள் சடங்கு. அது மகள் செய்யவேண்டிய நாள். உன் அப்பாவுக்கு நீ ஒருத்திதான். முதல் ஏழுக்கும் இரண்டாம் ஏழுக்கும் நீ வரவில்லை, நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் வெள்ளை உடையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

நீ நன்றாக இருக்கவேண்டும். கடல் தெய்வம் உன்னைக் காக்கட்டும். எனக்கு இரண்டு வரி பதில் போடு. எந்த ரயில், எத்தனை மணிக்கு என்று முதலில் எழுது. வரவில்லை என்றால், அதைக் கடைசியில் எழுது.

பாட்டி