நடு ஆற்றில் நின்ற கதை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் இருமல் அடங்கியதா? அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். சலவைக்கூடத்தில் ஈர மூட்டைகளைத் தூக்கித் தூக்கித் தோள்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது.

விடுமுறை நாளில் விடுதியின் சாப்பாட்டு அறையில் பிரார்த்தனை நடக்கும். முடிவில் ஒருவர் கதை சொல்ல வேண்டும். போன வாரம் என் முறை. நம் பிரார்த்தனைக் கூட்டத்தில் நீங்கள் சொல்வீர்களே, அந்தப் படகோட்டி கதையை எடுத்துவிட்டேன். கிழவராக வந்த கடவுள் நடு ஆற்றில், "உனக்கு என்ன வேணும், கேளு" என்கிறார். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் எப்போதும் அம்மா மடியில் தூங்கிப்போவேன்.

"என்னப்பா, சாமிய நடு ஆத்துல விட்டுட்டியே!" என்றார் சமையல்காரர். எல்லோரும் சிரித்தோம். "ஊருக்குப் போகணும்னு கேட்டிருப்பான்" என்றார் இஸ்திரி போடும் அண்ணன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

தோளுக்குத் தைலம் அனுப்புங்கள். மீதிக் கதையை எழுத வேண்டாம், போனில் சொல்லிப் பதிவுசெய்து அனுப்புங்கள். ஷிப்டு மணி அடித்துவிட்டது, போகிறேன். உங்கள் குரலில் கேட்டால் மறுபடியும் அதே இடத்தில் தூங்கிவிடுவேனோ என்னவோ. தூங்கினாலும் நல்லதுதான் அப்பா, நன்றாகத் தூங்கி நாளாகிறது.

உங்கள் மகன்