பட்ட கிளையை மட்டும்

சட்டையெல்லாம் மரத்தூள். குளிக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். காய்ந்த மரத்தை அறுத்த வாசனை, அதற்கடியில் மீன் வாசனை. எங்கிருந்து வருகிறேன் என்று உனக்கு மூக்கே சொல்லிவிடும்.

நம் மரம் நிற்கிறது, நண்பா! அதைச் சொல்லத்தான் இந்த அவசரம்.

ராயபுரத்தில் உன் கப்பல் கயிற்றுக் கடைக்கு எதிரே, அஞ்சலை மீன் கூடை வைக்கும் அந்தத் தூங்குமூஞ்சி மரம். காலையில் ஏணி வண்டியும் இயந்திர ரம்பமுமாக மாநகராட்சி ஆட்கள் வந்துவிட்டார்கள். மரம் சாய்ந்திருக்கிறது, மழைக்கு விழும், அடியோடு எடுங்கள் என்று யாரோ மனுக் கொடுத்தார்களாம். யாரோ என்ன யாரோ? பக்கத்து செல்போன் கடைக்காரன்தான். அவன் பெயர்ப்பலகையை மரம் மறைக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

தெரு மரங்களை நாம் எண்ணி எழுதிய இந்தக் கணக்கெடுப்பு தொடங்கியதே என் கோபத்தை நீ கிண்டல் செய்ததில்தான். கல்லூரியில் ஒரே பெஞ்சில் தாவரவியல் படித்தோம். நீ அப்பாவின் கடைக்குப் போனாய். நான் மேலே படித்தும் துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் பில் எழுதினேன். என்னைத் தாண்டிப் பதவி உயர்வு வாங்கியவர்கள், தங்கை கல்யாணத்துக்கு வராத உறவுக்காரர்கள் என்று ஒவ்வொருவரையும் உன் கடையில் உட்கார்ந்து ஒப்பிப்பேன். நீ கயிறு சுற்றிக்கொண்டே கேட்பாய். ஒருநாள் நிமிர்ந்து சொன்னாய்: "மாமு, இம்மாம் ஞாபகத்த ஆளுங்க மேல வேஸ்ட் பண்றியே. இந்தத் தெருவுல எத்தினி மரம் கீது, சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. விளக்குக் கம்பத்துக்குக்கூட எண் இருக்கிறது; நிழல் தருவதற்கு இல்லை. எது விழும், எது நிற்கும் என்று புயல் வந்து சொன்னால்தான் தெரியும் என்றால், அதற்கு நாம் படித்த படிப்பு எதற்கு?

அடுத்த ஞாயிறே கிளம்பிவிட்டோம். தையல்காரரின் நாடா என் கையில், கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல் உன் கையில். நீ தண்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே போவாய். 'டொக்' என்றால் கெட்டி, 'டம்' என்றால் உள்ளே பொந்து.

"இன்னா சார், மரத்துக்கு ஜொரமா? ஊசி போடப் போறியா?" என்றாள் அஞ்சலை.

"ஊசி இல்லக்கா, எக்ஸ்ரே. காதாலயே எடுக்குறோம்" என்றாய்.

"அப்டியே எம் புருசனையும் ஒரு தட்டு தட்டிப் பாரு நைனா. உள்ள ஒண்ணுமே இல்ல."

பெயர், சுற்றளவு, சாய்வு, நிலை என்று பத்தி பத்தியாக எழுதினோம். நான் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தேன்: கெடுத்தவர். ஆணி அடித்தவன், அடியில் கழுத்துவரை சிமென்ட் பூசியவன், குப்பையைக் குவித்துக் கொளுத்தியவன், எல்லோர் பெயரும் அதில் உண்டு. அதைப் பார்த்ததும் உனக்கு ஏறியதே கோபம்! "ஆணி அட்ச்சவன் பேர எய்தி இன்னா பண்ணப் போற? ஆணியப் புடுங்கணும்னு எய்துடா!" நடுத்தெருவில் கத்தினோம். கண்டெய்னர் லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கலைத்துவிட்டான். மறு ஞாயிறு பார்த்தால் உன் கையெழுத்தில் புதுப் பத்தி: செய்ய வேண்டியது. என்னுடையதை நீ அடிக்கவில்லை, ஓரத்தில் சிறிதாக விட்டுவைத்திருந்தாய்.

இன்று அந்தக் காகிதங்களோடும் கொட்டாப்புளியோடும் ஓடினேன். வந்திருந்த இன்ஜினியர் சின்னப் பெண். நான் வழக்கம்போலச் செல்போன் கடைக்காரனில் தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், யாரு ஆணி அடிச்சாங்கன்றது இருக்கட்டும். இந்த மரத்துக்கு இப்ப என்ன பண்ணணும், அதச் சொல்லுங்க" என்றாள்.

உன் பத்தியைப் படித்தேன். 'மேற்குப் பக்கப் பெரிய கிளை பட்டுவிட்டது, மழைக்கு முன் எடுக்கவும். சிமென்ட்டை உடைக்கவும். தண்டு கெட்டி. மரம் நிற்கலாம்.'

"சாய்வு?" என்றாள்.

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அளந்து எழுதியிருக்கிறோமே! நீ எங்களையெல்லாம் விட்டுப் போன பிறகும் நான் தனியாக வந்து அளந்தேன். சாய்வு மாறவே இல்லை. பழைய சாய்வு, மரம் தாங்கிப் பழகியது. அவள் கொட்டாப்புளியை வாங்கித் தானே சுற்றிச் சுற்றித் தட்டினாள். குனிந்து வேரடி மண்ணைப் பார்த்தாள். டொக், டொக், டொக். பிறகு மேலே பார்த்துக் கத்தினாள்: "அண்ணா, அந்தப் பட்ட கிளை மட்டும் போதும்!"

உன் மகன் கடையிலிருந்து கயிறு கொண்டுவந்தான். கிளையைக் கட்டி இறக்கினார்கள். உள்ளே முழுக்க உளுத்த மாவு. கூடையை நகர்த்தி நின்ற அஞ்சலை தலையில் கை வைத்தாள்: "அய்யய்யோ, எந்தலைல வுழ வேண்டியதா இது!"

மரத்தை எடுக்காமலே ஆபத்தை எடுத்துவிட்டோம். இதைத்தானே ஆண்டுக்கணக்காகச் சொன்னோம்!

போகும்போது அந்தப் பெண், "மத்த தெருவுக்கும் இந்தக் கணக்கு இருக்கா சார்?" என்றாள். இல்லை என்றேன். "எடுக்கலாமா?" என்றாள். எடுக்கலாமாவா! திருவொற்றியூர் முதல் எண்ணூர்வரை, லாரிப் புழுதியில் இலை நிறம் தெரியாமல் நிற்பவை எல்லாம். மரமே இல்லாத தெருக்களையும் எழுத வேண்டும், அவற்றுக்குத்தான் முதல் வேலை.

மத்தியானம் செல்போன் கடைக்காரன் அதே நிழலில் நின்று மோர் குடித்தான். நான் அவனை மன்னிக்கவில்லை.

அந்த நடுத்தெருச் சண்டைக்குப் பிறகு ஒருநாள் நீ கொட்டாப்புளியால் என் நெஞ்சில் மெதுவாகத் தட்டி, காது வைத்துக் கேட்டாய். "கெட்டியாத்தான் கீது மாமு. ஒரே ஒரு கெளதான் பட்டுப்பூட்ச்சி." நான் சிரிக்கவில்லை.

கொட்டாப்புளி இப்போது என் பையில். ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.